எழுமலைப் பக்கம் ஓர் உபவாசம்

காலை ஆறு மணிக்கு மதுரையில் கிளம்பிய, பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடும் பஸ், இருபத்து நாலு மைல் தாண்டி உசிலம்பட்டி சேர எட்டரை ஆகிவிட்டது. என் பையில் வேதப்புத்தகமும் வீட்டுத் தண்ணீர் நிரப்பிய கூஜாவும் இருந்தன. எழுமலைக்குப் பக்கத்துச் சேரியில் பிரசங்கம் செய்யப் போகிறவனுக்குக் கூஜா எதற்கு என்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சபையைச் சேர்ந்த ஏசடியான் மாட்டு வண்டியோடு காத்திருந்தார். காபி கிளப்பில் நான் ஆறு இட்லி சாப்பிடும்வரை வாசலில் நின்றார். அவரை உள்ளே விடமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

பதினோரு மைல் கரிசல் பாதையில் குலுங்கி, பன்னிரண்டரைக்கு ஓலைக் கோயிலை அடைந்தோம். கூடியிருந்த நாற்பது பேரும் பண்ணைக் கூலிகள். கடவுள் ஆள் பார்த்து அன்பு காட்டுகிறவரல்ல, ஏழை அவருக்கு இளப்பமில்லை என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெபம் முடிந்ததும் கோழிக் குழம்பு மணந்தது. எனக்காக நெல்லுச்சோறு பொங்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் அறுப்புக்கும் மட்டுமே அவர்கள் காணும் சோறு. மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் நாங்கள். எங்கள் சாதி மட்டும் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. இன்று எனக்கு உபவாசம் என்று சொல்லிவிட்டேன்.

சமைத்த மரியம்மாள் பானையை மூடினாள்.

"ஐயா பட்டினியா இருக்கையில எங்களுக்குச் சோறு எறங்குமா? பொழுது சாயட்டும், நாங்களும் இருக்கோம்."

நீங்கள் சாப்பிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பிள்ளைகள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தன. 'பொய் சொன்னேன், எனக்கும் இலை போடுங்கள்' என்றால் தீர்ந்திருக்கும். பாழும் நாக்கு எழவில்லை.

மூன்று மணிக்கு வண்டி ஏறினேன். இரண்டு மைல் போனதும், பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிடுவதற்காக மரியம்மாள் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியை ஏசடியான் நீட்டினார். திறந்தால் கோழியின் தொடை இரண்டும் எனக்கு. அவரையாவது சாப்பிடச் சொன்னேன்.

"ஊர்ல இன்னும் யாரும் சாப்பிடலைங்கய்யா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்க இட்லி சாப்பிட்டத நான் சொல்லல. அம்புட்டுப் பேரும் நம்பி இருக்காக."

வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். திருப்பினால் ஏழு மணி பஸ் போய்விடும். அங்கே தங்கி அவர்கள் தண்ணீரைக் குடிக்க வேண்டும். உசிலம்பட்டியில் இறங்கும்போது, பிள்ளைகளுக்குக் கொடும் என்று சட்டியை அவரிடமே கொடுத்தேன். பஸ் கிடைத்தது.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டாம் என்றேன்.

"உபவாசமா?" என்று கேட்டாள் என் மனைவி.