அக்கா முதலிலேயே நன்றி சொல்லிவிட்டாள்

நான் வேலை செய்யும் ஓஹையோ மருத்துவமனையில், பெண்கள் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே தங்கள் மார்பின் அடர்த்தியைச் சொல்லிக்கொள்கிறார்கள். “எனக்கு சி”, “எனக்கு பி” என்று, நம் ஊரில் ரத்த வகை சொல்வதுபோல. மேமோகிராம் எடுத்தவளுக்கு அவளுடைய அடர்த்தியைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே விதி. வீட்டுக்குக் கடிதம் வந்துவிடும். எங்கள் ஊரான கருங்கல்லில் நாங்கள் அந்த உறுப்பின் பெயரையே சொல்வதில்லை. நெஞ்சு என்போம். அதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வோம்.

என் வேலை மெடிக்கல் கோடிங். மருத்துவர் எழுதிய அறிக்கையைப் படித்து, அதில் இருப்பதைக் குறியீடுகளாக மாற்றுவது. மேமோகிராம் அறிக்கையில் நான் பார்ப்பவை: எந்தப் பக்கம், அடர்த்தி எந்த வகை, கட்டி தெரிகிறதா, அடுத்து என்ன செய்யச் சொல்லியிருக்கிறார். ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு. டி என்றால் மிக அடர்த்தி. அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். ஆகவே டி வகைக்காரியின் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது பாதிச் செய்திதான். வகையை எழுத மருத்துவர் மறந்திருந்தால் நான் ஊகித்து நிரப்பக் கூடாது. அவருக்கே கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன். முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்காக அப்படிக் கேட்டிருக்கிறேன்.

ஜெபா அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் நச்சரிப்பு தாங்காமல்தான் ஊரில் மேமோகிராம் எடுத்தாள். “ஒண்ணும் இல்ல, போங்க” என்று டாக்டர் சொன்ன வாரமே, தோட்டத்து ஏத்தன் வாழைக்குலை ஒன்றைச் சபைக்குக் கொண்டுபோனாள். எங்கள் சபையில் அது வழக்கம். சுகம் கிடைத்தவர் ஒரு குலையோ கோழியோ காணிக்கை வைப்பார். போதகர் அவர் பெயர் சொல்லி, ஆண்டவருக்கு நன்றியாக ஸ்தோத்திரம் ஏறெடுப்பார். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். குலையின் படத்தையும் அறிக்கையின் படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பினாள். கட்டி எதுவும் காணப்படவில்லை என்ற வரிக்கு மேலே, அடர்த்தி டி என்றிருந்தது. உடனே கூப்பிட்டேன்.

“அக்கா, நாளைக்கே ஒரு அல்ட்ராசவுண்ட் எடு.”

“ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? ஒண்ணும் இல்லன்னு டாக்டரு செல்லியாச்சு.”

“படத்துல தெரியாமலும் இருக்கும்க்கா.”

“சபைக்கு முன்னாடி ஸ்தோத்திரம் செல்லியாச்சு. குலைய ஏலத்துல எடுத்தவரு இன்னேரம் பழுக்க வச்சிருப்பாரு. இனி போய் ஸ்கேன் எடுத்தா, ஆண்டவரே உம்ம நம்பல்லன்னு செல்லுகது மாதிரி இல்லியா?” என்று சிரித்தாள். “ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் சீக்கு எழுதி எழுதி, இப்போ எனக்கும் எழுதப் பாக்குத.”

பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கணவர், என் அத்தானை விட்டும் சொல்லச் சொன்னேன். அவள் அசையவில்லை. நெஞ்சில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோதுகூட யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த நன்றியைத் திரும்பக் கேட்பதுபோல் இருந்ததாம். பின்னால் அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது. விசா புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டு என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அவளுடைய அடக்க ஆராதனையைப் போனில் பார்த்தேன். யாரோ பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்ததால் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் மேற்பார்வையாளர் லிண்டா இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அவளுக்குக் கடிதம் வரவில்லையா?” அங்கே அப்படி அனுப்புவதில்லை என்றேன். “தபால் அவ்வளவு மோசமா?” என்றார், உண்மையான இரக்கத்தோடு. அறிக்கை அவள் பீரோவிலேயே இருந்தது என்று விளக்கத் தொடங்கினேன். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டதால் ஸ்கேன் எடுக்கவில்லை என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் அக்காவை முட்டாளாக்கியது. அவள் முட்டாள் இல்லை. ஒருவருக்கு நன்றி சொன்னால் அதில் நிற்பவள்.

உடன்பிறந்தவளுக்கு வந்த நோய் என்பதால் போன மாதம் எனக்கும் படம் எடுத்தார்கள். எனக்கும் டி. அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்று அத்தானைக் கூப்பிட்டேன்.

“ஒண்ணும் இல்லியா மக்கா?” அவர் குரல் உடைந்தது. “ஞாயித்துக்கிழமை உனக்க பேருல ஒரு குலை வைக்கட்டா?”

“இப்போ வேண்டாம் அத்தான். வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும்.”



“அப்போ எப்பத்தான் மக்கா ஸ்தோத்திரம் செல்லுகது?”

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அடுத்த வருடத் தேதி எழுதிய அட்டை கையில் இருந்தது. அந்தத் தேதியை இன்னொரு முறை படித்தேன். கருங்கல்லில் அத்தான் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார்.