நான் சொல்லாமல் விட்ட இரண்டு வழிகள்

வெள்ளிக்கிழமை வகுப்புத் தோழர்களுக்கு,

என் எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கும். வரி கீழே சரிந்து போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் நீண்ட கடிதம் இது. அந்தச் சந்தோஷத்தை முதலில் நாகம்மாவிடம் சொல்லியிருப்பேன். அவள்தான் இல்லை.

செவ்வாய் காலை சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நமக்கு எழுத்துச் சொல்லித்தந்த அவளை, வாய் கோணிய பிறகுதான் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நாளிலிருந்து தெரியும். அவள் சிரித்தால் அடுத்த நிரைக்குக் கேட்கும்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் வலது கண் துடிக்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னால், எலும்புக்குள் ஓடும் முக நரம்பில் கட்டி என்று ஈப்போவில் சொன்னார்கள். டாக்டர் மலாயில் பேசினார். அவளுக்கு மார்க்கெட் மலாய்தான். லோரி ஓட்டிய எனக்கு நன்றாக வரும். நான் கேட்டுச் சொன்னேன்.

டாக்டர் மூன்று வழி சொன்னார். முகம் இன்னும் நன்றாக அசைவதால், வருடாவருடம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். இப்போதைக்கு அதுவே நல்லது. எலும்பைத் திறந்து நரம்புக்கு இடம் கொடுத்துவிட்டு, கட்டியை அப்படியே விடலாம். இல்லையென்றால் நரம்போடு கட்டியை அறுத்தெடுத்து, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் ஒட்டலாம். ஆனால் அன்றைக்கே ஒரு பக்க முகம் விழுந்துவிடும். வருடம் போனாலும் பாதிதான் திரும்பும்.

நான் கடைசி வழியை மட்டும் சொன்னேன். மார்பில் வந்த கட்டியைப் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்து என் மனைவியைப் பறிகொடுத்தவன் நான். முகம் விழும் என்பதை மறைக்கவில்லை. "அறுத்துடணும் தங்கச்சி" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு அந்தக் கண் முழுதாக மூடவில்லை. தூங்கும்போது டேப் ஒட்டிக்கொள்வாள். ப, ம சொல்ல உதடு சேராது. விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நமக்குச் சொல்லித்தருவாள். "எனக்கு இப்போ ரெண்டு மூஞ்சி. எது புடிக்குதோ அதப் பாத்துப் படிங்க லா" என்பாள்.

போன தீபாவளிக்கு மறுநாள் அவளிடம் உண்மையைச் சொன்னேன். டீத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும் அண்ணே. துங்கு, துங்குன்னு எத்தன தடவ சொன்னாரு அந்த டாக்டர். காத்திருக்கச் சொல்றாருன்னு எனக்குப் புரியாதா? நான்தான் அறுத்துடுவோம்னு நெனச்சேன்."

அது உண்மையா, நான் அழக்கூடாது என்று சொன்ன பொய்யா, தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அந்தச் சந்தேகமும், அவள் தந்த இந்த எழுத்தும்தான் என்னிடம் இருக்கின்றன.

அடுத்த வாரம் அவள் மகளுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். டாக்டர் சொன்ன மூன்று வழிகளையும், ஒன்றும் விடாமல்.