டெல்லியில் கேட்ட என் கேள்வி

எங்கள் ஊர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் பள்ளம். செங்கோட்டை ரயிலில் ஏற முடியாமல் நான் தொங்க, ஒல்லியான ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கும் கேள்விகளை எழுதித் தருகிறவராம். வாய் திறக்குமுன் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைப்பார். அதில் அழுக்கே இருக்காது!

"பிளாட்பாரத்த ஒசத்தச் சொல்லி டெல்லியில கேளும்யா" என்றேன்.

"கேட்டுருவோம் ஆச்சி. ஆனா கேள்வி நெறைய வரும், குலுக்கல்ல நம்ம கேள்வி விழுந்தாத்தான் மந்திரி எந்திச்சுப் பதில் சொல்லுவாரு."

"நாட்ட ஆளுதவுகளுமா சீட்டுக் குலுக்குதாக? எங்க தெருச் சீட்டுல எனக்குத்தான் மொதல்ல விழும். போடும்!"

விழுந்துவிட்டது! இன்று டிவியில் எம்.பி. கேட்க, மந்திரி எழுந்து, உயர்த்தித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, டெல்லியில என் கேள்விடீ!" என்று தெருவையே கூட்டினேன்.

அந்த மனிதரைத்தான் டிவியில் காணோம். எழுதினவர் அந்தச் சபைக்குள் உட்கார முடியாதாம். என் கேள்வி மட்டும் உள்ளே போகலாமாம்!