பல்லோடு படுத்த இரவுகள்

முதலில் சத்தம்தான் வந்தது. சோறு மெல்லும்போது கீழ்ப் பொய்ப்பல் செட் எழும்பி டக்கென்று அடித்தது. பிறகு பேச்சு குழறியது. பிறகு செட்டுக்கு அடியில் போய்ச் சிக்கும் பருக்கை ஊசி மாதிரிக் குத்தியது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது. கடைசியாகத்தான் கீழ் முரசில் (ஈறு) புண் வந்தது.

இவ்வளவும் வந்த பிறகும் நான் டொக்டரிடம் போகவில்லை. பொய்ப்பல் வைத்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். இந்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்யாதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் கட்டிய செட், பழசாகிவிட்டது, இறுக்கினால் சரி என்று நினைத்தேன். பசை வாங்கிப் பூசினேன். குத்திய இடத்தை நகம் ராவும் அரத்தால் நானே ராவினேன். இன்னும் மோசமாக ஆடியது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. இரவில் அதைக் கழற்றவில்லை.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் எப்படிப் படுத்தோம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டையும், வீட்டு ஆட்களைப் பொலிசில் பதிந்த துண்டும் தலைமாட்டில் இருக்கும். பெண்கள் வெளியே போகும் உடுப்போடுதான் படுப்போம். என் வீட்டில் தங்கை மகள் தர்ஷினி இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பெண். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல் வராது. இரவில் பொலிசும் ஆமியும் சோதனைக்கு வந்தால் அவளுக்காகக் கதைக்க என் வாய் ஒன்றுதான் இருந்தது. பல்லில்லாத கிழவி சொல்வதை எவன் கேட்பான்? அதனால் பல்லோடு படுத்தேன். வருடக்கணக்காகப் படுத்தேன்.

புண் ஆறவில்லை என்றதும் தர்ஷினி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். நான் ராவிய இடத்தை விரலால் தடவி முகம் சுளித்தார்.

"இரவில கழட்டி வைக்கிறனீங்களோ, அம்மா?"

"இல்லை."

"ஏன்?"

"இரவிலதானே அவங்கள் வாறாங்கள். பகல்ல வரச் சொல்லுங்கோ, நான் கழட்டுறன்."

அவர் சிரிக்கவில்லை. செட் மாறவில்லை, என் வாய்தான் மாறிவிட்டது என்றார். பல் போன பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், முரசும் அதோடு இறங்கும். இராப்பகலாக அழுத்தினால் இன்னும் கெடும். புண் ஆறும்வரை செட்டை வாயில் வைக்கவே கூடாது என்றார். அப்படியும் ஆறாவிட்டால் பயொப்சி (சதைத்துண்டு வெட்டிப் பரிசோதிப்பது) செய்ய வேண்டும். புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கேட்டது.

கழற்றினேன். முகம் உள்ளே விழுந்தது. கஞ்சி குடித்துக் கிடந்தேன். அப்போதுதான் ஒரு விடிகாலை பொலிசும் ஆமியும் வந்தார்கள்.

தர்ஷினி யார், ஏன் கொழும்பில் இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லெல்லாம் வழுக்கியது. அதிகாரிக்கு அலுத்துவிட்டது. ஆச்சி, போய்ப் பல்லைப் போட்டுக்கொண்டு வந்து கதை என்றான். பின்னால் நின்றவன் சிரித்தான்.

"வாயில புண். போட மாட்டன். மெதுவாச் சொல்லுறன், நீங்க கேளுங்கோ" என்று அவன் மொழியிலேயே சொன்னேன்.

கேட்டான். கேட்டும் அவளை வாகனத்தில் ஏற்றினான்.

நான் ஓட்டோ பிடித்துப் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனேன். செட்டை எடுத்துப் போகவில்லை. அங்கே கண்ட ஒவ்வொருவனிடமும் அதே கதையை அதே வாயால் சொன்னேன். எச்சில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சொன்னேன். ஒருவன் போகச் சொன்னான், நான் போகவில்லை. மத்தியானம் தாண்டி அவளை விட்டார்கள். என் தொல்லை தாங்காமல் விட்டிருப்பார்கள். அதனால் எனக்கொரு வெட்கமும் இல்லை.

புண் ஆறியது. வெட்ட வேண்டி வரவில்லை. அச்செடுத்துப் புது செட் செய்தார்கள். சில வருடத்தில் இதுவும் ஆடும் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். ஒருமுறை கட்டினால் சாகும்வரை என்று நினைத்தவள் நான். என் எலும்பு உள்ளே தன்பாட்டில் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது இப்போது தெரியும். ஆடினால் இன்னொன்று செய்விப்பேன். நீங்களும் சத்தம் கேட்ட அன்றே போங்கள், புண் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இரவில் செட் கோப்பைத் தண்ணீரில் கிடக்கிறது. முரசு காற்றோட்டமாக இருக்கிறது. கதவைத் தட்டினால் இந்த வாயோடுதான் போய்த் திறப்பேன். விளங்காவிட்டால் இன்னொரு தரம் கேட்கட்டும்.