கழுத்தில் கத்தி, கையில் புத்தகம்

சலூன்காரர் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு கதையும் நான்கைந்து வரிதான். ஒரு பக்கக் கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் ஒரு கதை முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இலக்கியத்துக்கு இப்படியும் ஒரு அளவுகோல்.

நாற்காலியில் உட்காருகிறவர் கையில் புத்தகத்தைத் திணிப்பார். நுரையைப் பூசுவார். கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பார். அந்த நிலையில் விமர்சனம் எப்படி வரும்? பிரமாதம் என்றுதான் வந்தது, அதுவும் உதடு அசையாமல். தையல்காரர் கண்ணீரே விட்டார். நுரை கண்ணில் போனதுதான் காரணம் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னார், சலூன்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. வங்கிக் காசாளரோ, இவ்வளவு சின்னதாக எழுதுவது பெரிய கலை என்றார். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஆனாலும் சலூன்காரருக்கு மனசு நிறையவில்லை. அவர் காத்திருந்தது ஒரே ஒரு வாசகருக்காக. எதிர் வரிசையில் கடை வைத்திருக்கும் சொந்தத் தம்பி. ஒரே கடையில் தொழில் செய்தவர்கள், ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்கிற உலகப் பிரச்சினையில் பிரிந்தவர்கள். பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. புத்தகத்தில் தம்பிக்கு இரண்டே வரி: "தம்பி எதிரே கடை போட்டான். அன்றிலிருந்து என் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன்."

தையல்காரரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினார். பதில் இல்லை. பெரிய மனுஷன், படிக்க நேரம் எங்கே இருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. அதில் இரண்டு பேருக்குக் கிருதா கோணலாகப் போனது.

ஒரு மத்தியானம் தம்பி வந்தான். கையில் புத்தகம் இல்லை. தன் கத்தியும் கத்திரிக்கோலும் இருந்தன. அண்ணனைச் சுற்றி வந்து பின்னந்தலையைப் பார்த்தான்.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. எழுதினது பொய் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தார். துணியைப் போர்த்தி, பின்பக்கத்தைச் சீராக வெட்டி, பிடரியில் கத்தியை வைத்த பிறகுதான் தம்பி மறுபடி வாயைத் திறந்தான்.

"புத்தகம் சுமார்தாண்ணா. எல்லாத்தையும் பாதியிலயே விட்டுட்ட. நான் ரெண்டு வரிக்குத்தானா?"

முடிவெட்டக் காத்திருந்தவர்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் இத்தனை நாள் விழுங்கியதை ஒருவன் துப்பிவிட்டான். பதில் சொல்ல சலூன்காரரிடம் நிறையவே இருந்தது. ஃபேனிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆனால் கத்தி கழுத்தில் இருந்தது.

"பிரமாதம்" என்றார், அசையாமல். "வேர்க்குது பாரு உனக்கு. ஃபேனை உன் பக்கம் திருப்பிக்கோ."