மைதிலியைக் கொன்றது நான்

கடையில் டெலிபோன் மணி அடித்தபோது நான் ஒரு பித்தளைக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிடப் போகும்போது தியாகராய நகர்ப் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாவல் எழுதுகிறவள் என்பதற்காக யாரும் எனக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்ததில்லை. போனில் பேசியவர் நாகராஜன். நானும் கனகவல்லியும் தொடர்கதை எழுதிய வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "கனகவல்லி போயிட்டாங்கம்மா. காலையில எழுந்திருக்கவே இல்லையாம்" என்றார். "சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். குடத்தைத் தாளில் சுற்றி, வாங்க வந்த அம்மாளின் கையில் கொடுத்து, "பார்த்துப் போங்க" என்றும் சொன்னேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் குடத்துக்குக் காசு வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

மயிலாப்பூரில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அங்கே வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். செத்தவளைப் பிழைக்க வைத்த நாவலாசிரியை என்று அவளைப் பத்து வருஷம் கேலி பேசியவர்கள், அன்றைக்கு மட்டும் கைக்குட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்; அதில் பெரும்பங்கு என் மேலேயே உள்ள கோபம்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை பத்திரிகை கடைகளில் தொங்கும். முழு நாவலையும் எழுதி வைத்துக்கொண்டு வாராவாரம் கொடுப்பவர்கள் உண்டு. நாங்கள் அந்த ரகம் இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் கதை எங்கே போகிறதென்று எங்களுக்கே தெரியாது. நான் என் அத்தியாயத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கனகவல்லியின் அத்தியாயம் அபிராமபுரத்திலிருந்து மாரி என்ற ரிக்ஷாக்காரர் மூலம் வரும். நாளடைவில் அவளும் அதே ரிக்ஷாவில் ஏறி வர ஆரம்பித்தாள். அலுவலக மாடிப்படியில் நின்று ஒருவர் எழுத்தை ஒருவர் குறை சொல்லித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது இரண்டு சகோதரிகளின் கதை. தங்கை மைதிலி காதலித்தவனோடு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அக்கா காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. இருபது வாரமாக மைதிலி வரவும் இல்லை, போகவும் இல்லை. நடுநடுவே கதைக்குச் சம்பந்தமே இல்லாத சமாசாரங்கள் வரும். மைதிலி மோரில் சர்க்கரை போட்டுக் குடிப்பாள். இரண்டு பேரும் பாட்டு வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அடையாறு கடற்கரைக்குப் போய்ப் பாவாடை நனையத் திரும்புவார்கள். "இதெல்லாம் எதுக்கு கனகம்? கதையை நகத்து" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "வாரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும், செண்பகம். படிக்கறவாளுக்குத் தெரியும்" என்றாள். படிக்கிறவர்களில் நானும் ஒருத்திதானே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அடையாறில் ஒரு வாசகர் கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். எழுத்துக்கு முக்கியம் அனுபவமா, கற்பனையா என்று ஒரு கல்லூரி ஆசிரியர் எழுந்து கேட்டார். நான் பிறந்த ஊரில் தொடங்கி, பள்ளிக்கூடத்தை நிறுத்தியது, கடைக் கல்லாவில் உட்கார்ந்து முதல் கதை எழுதியது என்று அரை மணி நேரம் விளாசினேன். கனகவல்லி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "நான் ஒருத்திக்காக எழுதறேன், மத்தவாளும் கூட உக்காந்து கேட்டுக்கலாம்." பலத்த கைதட்டல். சாமர்த்தியமான பேச்சு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் அவளுக்கு டைபாய்டு வந்து நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் நாகராஜன் வியர்த்துக்கொண்டு கடைக்கு வந்தார். "நாலு பக்கம் காலியாக் கெடக்கும்மா. உடல்நலக் குறைவுன்னு ஒரு வரி போடலாம்னேன், ஆசிரியர் ஒத்துக்க மாட்டேங்கறார். அவங்க நடை உங்களுக்கு அத்துப்படி. இந்த ஒரு வாரம் மட்டும் ஒட்டி விட்டுடுங்க" என்றார். எங்கள் தொழிலில் இது புதிதில்லை. பெரிய பெரிய தொடர்களிலேயே ஓரிரு அத்தியாயம் வேறு கையால் வந்திருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது. கதையை அப்படியே நிற்கும் இடத்தில் நிறுத்தி, நாலு பக்கம் வானிலையும் சமையலும் எழுதிக் கொடுப்பதுதான் மரியாதை.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருபது வாரமாக நகராத கதையைப் பார்த்து என் கை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டே மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரு தந்தி வருகிறது, மைதிலி இறந்துவிட்டாள். அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, "இலை போடு" என்கிறார். அவளைவிட நன்றாக எழுதிவிட்டேன் என்று எனக்குப் பட்டது. நாகராஜன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கணவர் சாரங்கபாணி சார் மருந்துச் சீட்டோடு பின்னால் வர, நானும் அவளும் மாரியின் ரிக்ஷாவில் ஏறினோம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் விஷயத்தைச் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று இருந்தேன். மாரி முந்திக்கொண்டார்.

"ஒடம்பு இப்போ எப்டி கீதுமா? நா உங்கையில ஒரு வார்த்த கேக்கணும். அந்த மைதிலிப் பொண்ணு செத்துப் பூட்ச்சாமே? என் பொண்ணு படிச்சிட்டு சோறு துன்னாம அழுதுகினு கீது. போன வாரம் நா உன் காயிதம் எதையும் எத்துகினு போவலயே, அப்புறம் எப்டி வந்திச்சு?"

கனகவல்லி என் பக்கம் திரும்பினாள். "யார் எழுதினா?"

"நாந்தான் எழுதுனேன், கனகம். நீ நெனவில்லாமக் கெடந்த. பக்கம் காலியா இருந்துது."

அவள் என்னைத் திட்டவில்லை. ரிக்ஷாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று மட்டும் கேட்டாள். "திங்கள்" என்றேன். "மாரி, கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றாள்.

மாடிப்படியை அவளால் தனியாக ஏற முடியவில்லை. தாங்கிப் பிடித்து ஏற்றினேன். கட்டிலில் சாய்ந்ததும் காகிதமும் பேனாவும் கேட்டாள். அப்போதுதான் வசந்தாவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். அவளுடைய சொந்தத் தங்கை. நாலு வருஷத்துக்கு முன்னால், கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். 'எனக்கு அப்படி ஒரு பெண்ணே இல்லை' என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிறகு கடிதம் வருவது நின்றது. இந்தத் தொடர் ஆரம்பித்த மூன்றாவது வாரம் பத்திரிகை அலுவலகம் வழியாகக் கனகவல்லிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. நாக்பூர் முத்திரை, விலாசம் கிடையாது. 'உன் கதை இங்கே ஸ்டேஷன் கடையில் கிடைக்கிறது. படிக்கிறேன்.' அவ்வளவுதான்.

"அவளுக்கு நான் போடற லெட்டர் இது ஒண்ணுதான், செண்பகம்" என்றாள். "அப்பா அவளச் செத்துட்டான்னு சொன்னார். இப்ப நானும் சொல்லிட்டேன்."

பேனாவை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தந்தி வேறொரு மைதிலியைப் பற்றியது, தபால்காரர் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று ஆரம்பித்தாள். அக்கா தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாள்: அப்பாவைப் பார்க்க வேண்டாம், என்னிடம் வா. கடிதத்துக்குள் தன் அபிராமபுரம் வீட்டின் உண்மையான அடையாளத்தைச் சொன்னாள். எந்தத் தெரு, எந்த வீட்டு மாடி என்பது வரைக்கும். அந்த நிலையிலும் எனக்குள் இருந்த தொழில்காரி சும்மா இருக்கவில்லை. "கனகம், இது எடுபடாது. எல்லாரும் சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும். அவ சிரிக்க மாட்டா."

போன வாரத்து அத்தியாயம் நான் எழுதியது என்று அச்சில் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். கூடாது என்றாள். ஓர் அத்தியாயம் வேறு யாரோ எழுதியது என்று தெரிந்தால், முன்னால் வந்ததெல்லாம்கூட யாரோ எழுதியதென்று வசந்தா நினைத்துக்கொள்வாளாம். "இது யாருக்கும் தெரிய வேண்டாம். உன் வாயால வரப்படாது" என்று சத்தியம் வாங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே நடத்தினீர்கள். மூட்டை மூட்டையாகக் கேலிக் கடிதங்கள். 'அடுத்த வாரம் என் பாட்டனாரையும் பிழைக்க வைக்க முடியுமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்; அதைப் பத்திரிகையே கட்டம் கட்டிப் போட்டது. நாலு வாரத்தில் கதையை முடிக்கச் சொன்னார் ஆசிரியர். அந்த நாவல் புத்தகமாக வரவே இல்லை. அவளுக்குக் கிடைக்க வேண்டிய அடுத்த தொடர் எனக்குக் கிடைத்தது. வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நான் வாயைத் திறக்க முயற்சி செய்யவே இல்லை. சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சத்தியம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வந்து கரண்டிகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றும் வாங்காமல் போவாள். என் நாவல்களைப் படித்துவிட்டு எங்கே நான் அவசரப்பட்டிருக்கிறேன் என்று சரியாகச் சொல்வாள். சாரங்கபாணி சார் கொட்டிவாக்கத்தில் மனை வாங்கி வீடும் கட்டி முடித்தார். மூட்டுவலியோடு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் அங்கே குடிபோக மாட்டேன் என்று நின்றாள். பிடிவாதக்காரி என்று உறவினர்கள் பேசினார்கள். என்னிடம் மட்டும், "விலாசம் குடுத்தாச்சே, எப்படி நகர்றது?" என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். பத்து வருஷத்தில் வசந்தாவிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை.

அவள் இறந்த பத்தாம் நாள் அபிராமபுரத்துக்குப் போனேன். கூடத்தில் ஒருத்தி கைப்பையை மடியில் வைத்தபடி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுகிறவள்போல ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சாரங்கபாணி சார் என்னை அழைத்துப்போய், "இது வசந்தா. பேப்பர்ல பாத்துட்டு வந்திருக்கா" என்றார்.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வரவில்லை. "உங்க அக்கா எழுதின கதையை முழுக்கப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"மைதிலி செத்த வாரம் வரைக்கும்" என்றாள். "அப்பா குளிச்சிட்டு இலை போடச் சொன்னாரே, அதோட சரி. அக்காவும் என்னைத் தலைமுழுகியாச்சுன்னு புரிஞ்சுண்டேன். அப்பறம் அந்தக் கடைப் பக்கமே போகலை."

"அதை எழுதினது உங்க அக்கா இல்ல. நான். அப்ப அவ ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தா."

சாரங்கபாணி சார் உள்ளே போய், பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அடுத்த வாரத்து இதழை உருவிக்கொண்டு வந்தார். நான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி முடிவதற்குள் வசந்தா அதை என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தாள். அக்காவின் கடிதம் வந்த இடத்தில் நின்றாள். தலையைத் தூக்கி, தான் உட்கார்ந்திருந்த கூடத்தையும் மாடிப்படியையும் பார்த்தாள். மறுபடி குனிந்து கடைசி வரை படித்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"மைதிலிய நீங்க எதுக்காகக் கொன்னேள்?"

பத்து வருஷமாக எத்தனையோ பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். பக்கம் காலியாக இருந்தது, நாகராஜன் கெஞ்சினார், எனக்கு எதுவும் தெரியாது என்றெல்லாம்.

"கதைக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேம்மா" என்றேன்.

இந்தக் கேள்வியைக் கனகவல்லி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. பதில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளும் நாவல் எழுதியவள்தானே. கேட்காமலே என்னோடு பழகினாள், கேட்காமலே போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். இன்று காலையில்கூட எழுத உட்கார்ந்தேன். கதையில் ஒரு கிழவர் சாக வேண்டிய இடம். எதற்காக என்று கேட்டுக்கொண்டேன். சொல்லத் தெரியவில்லை, எழுந்துவிட்டேன்.