பார்சலில் மாறிப்போன பெயர்

போன ஆவணியில் நடந்தது இது. நாமக்கல்லில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஸ்டிக்கர் கட்டிங் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, பிறந்தநாளுக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் அலங்கார எழுத்துகள் வெட்டிக் கொடுக்கிறேன். கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. ஊரில் பிறக்கிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் நான் வெட்டுகிறேன் என்று நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும். சில நாள் வராது.

என் பழைய மெஷின் ஆறு வருடம் உழைத்தது. ஆனால், தமிழ் எழுத்து மட்டும் அதற்கு ஆகாது. சுழி வருகிற இடத்தில் பிளேடு இழுத்துக் கிழித்துவிடும். ஒருவழியாகப் புது மெஷின் வாங்கினேன். அதில் செய்த முதல் வேலை, மோகனூரில் ஒரு பெண் குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்கு. தங்க நிற ஷீட்டில் தமிழில்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார் குழந்தையின் அம்மா.

வெட்டினேன். ஒரு பிசிறு இல்லை. பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. கல்யாணமான புதிதில், பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நானும் அவரும் ஒரு பெயர் பேசி வைத்திருந்தோம். அதில் ழகரமும் உண்டு, ணகரமும் உண்டு. பழைய மெஷினில் வரவே வராது. மிச்சமிருந்த தங்க ஷீட்டில் அந்தப் பெயரை வெட்டினேன். மெஷினைச் சோதிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசை மேல் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் சட்டென்று சுருட்டிவிட்டேன்.

மறுநாள் மோகனூர் பஸ்ஸில் பார்சலைக் கொடுத்தனுப்பினேன். விசேஷ வீடுகளுக்கு நான் நேரில் போவதில்லை. போனால் ஒரு கேள்வி வரும்.

விழாவன்று காலை ஏழு மணிக்குப் போன்.

“ஏனுங்க்கா, நீங்க அனுப்புனது வேற பேருங்க. எம்புள்ளைக்கு இந்தப் பேரில்லீங்களே! பத்தரைக்கு விசேஷமுங்க.”

கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. மேசையைப் பார்த்தேன். அவள் குழந்தையின் பெயர் சுருண்டபடி அங்கேயே கிடந்தது. முகம் கழுவக்கூட நிற்காமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்தேன். “அவசரத்துல ஒட்டுனா கோணலாயிருமுங்க. நீங்களே ஒட்டிக் குடுங்க்கா” என்று உள்ளே கூட்டிப் போய்விட்டாள். பூ சுற்றிய வட்டப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாக ஒட்டினேன்.

அவள் மாறி வந்த பெயர்ச்சுருளைக் கசங்காமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இது யாரு ஊட்டுப் பாப்பா பேருங்க்கா? அவங்களும் இந்நேரம் தேடிட்டு இருப்பாங்களே?”

“இல்லம்மா. இதை யாரும் தேட மாட்டாங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குள் காபி கொண்டுவந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், “உனக்கு எத்தன கொழந்தைங்க சாமி?” என்றார். நல்ல மனதோடு கேட்டதுதான். ஆனால், நாலைந்து பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“அக்கா, பாப்பாவக் கொஞ்சம் புடிங்க. நாஞ் சீலை மாத்திட்டு வாரேன்” என்று அந்தப் பெண் குழந்தையை என் கையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சுற்றிலும் மாமியார், நாத்தனார் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். எண்ணெய்க் குளியல் முடிந்து சாம்பிராணி வாசனையோடு இருந்த குழந்தை, என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. பெரியம்மா அதன் தலைமுடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கேட்ட கேள்வி அப்படியே போய்விட்டது.

பத்து நிமிடம் இருக்கும். திரும்ப வாங்கிக்கொள்ளும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: “பாப்பா காதுல பேரு சொல்லிட்டுப் போங்க்கா. நீங்கதானே மொதல்ல எழுதுனது?”

சொன்னேன். மூன்று முறை.

என் ஏக்கம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் பெயர் வெட்டிக்கொண்டே இருக்கிறேன். ஆனால், கேள்விக்குப் பயந்து என்னை நானே எல்லா வாசலிலும் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தேனே, அதை விட்டுவிட்டேன். அந்தப் பத்து நிமிடக் கனம் இன்னும் என் கைகளில் இருக்கிறது. நினைத்தால் வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அது போய்விடக் கூடாது என்றுதான் மனம் கேட்கிறது.